அடிக்கூழ்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரில் பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். நானோ இன்று கூழைப் பற்றிப் பேசப் போகிறேன். தமிழாசிரியர் ஒருவர் வானொலி நிலையத்துக்கு வந்து குசினிக் கதை சொல்கிறாரே என்று நீங்கள் எண்ணக்கூடும். கதை குசினியில் நடந்ததுதான். ஆனால், அது தொடங்கியது வகுப்பறையில்.

2019ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒருநாள், உயர்தர வகுப்பிலே குறுந்தொகையின் 167ஆவது பாடலைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். கூடலூர் கிழார் பாடியது. உங்களில் பலர் அறிந்த பாடல்தான். புதிதாக மணமான பெண் ஒருத்தி. கட்டித் தயிரைத் தன் மெல்லிய விரல்களால் பிசைகிறாள். பிசைந்த கையை உடுத்திய ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கும்போது எழுந்த புகை கண்ணில் மணக்கிறது. அப்படித் தானே சமைத்த புளிப்பான குழம்பைக் கணவன் 'இனிது' என்று சொல்லி உண்கிறான். அதைக் கண்டு அவள் முகம் மெல்ல மலர்கிறது. அவ்வளவுதான் பாடல். இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழர் இதைச் சுவைத்து வருகிறார்கள். நானும் என் பங்குக்கு நயம் எடுத்துரைத்தேன். மாணவர்களும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

கடைசி வாங்கில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். "சேர், அவ சாப்பிட்டவவோ?" என்று கேட்டாள்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பிறகு, ஆசிரியர்களிடம் எப்போதும் கைவசம் இருக்கும் விடைகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். "கணவனுடைய மகிழ்ச்சியே அவளுக்கு உணவு" என்றேன். அந்தப் பிள்ளை மறுபேச்சுப் பேசாமல் அமர்ந்துவிட்டாள். அவள் முகம் மட்டும் மலரவில்லை. அந்த விடை என் தொண்டையிலும் முள்ளாகத் தங்கிவிட்டது. அதனை எடுத்துப் போடச் சில மாதங்கள் சென்றன.

2020 மார்ச் மாதம். எங்கள் வீடு இணுவிலில். மழை பெய்யாமலே எங்கள் கிணற்றடியில் பாசி பிடிக்கும். அந்தப் பாசியில் என் தாயார் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்தது. கைக்கு மாக்கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்த நாலாம் நாள், அதாவது 20ஆம் திகதி மாலை, கொரோனாவின் காரணமாக நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. என் துணைவியார் வவுனியாவில் தாதியாகக் கடமையாற்றுபவர். அங்கிருந்து அவர் வர இயலவில்லை. கடமையை விட்டு வரவும் கூடாது. வீட்டில் எஞ்சியவர்கள் மூவர்: ஒரு கையோடு எழுபத்திரண்டு வயதுத் தாயார், பத்து வயது மகள், சுடுதண்ணீர் வைக்க மட்டும் தெரிந்த நான்.

முதல்நாள் காலை புட்டு அவிப்பதென்று முடிவாயிற்று. அம்மா குசினி வாசலில் ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்துகொண்டார். நான் ஒரு கொப்பியையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டேன். பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியன் அல்லவா! எதையும் குறிப்பெடுத்துத்தானே பழக்கம்.

"அம்மா, மா எவ்வளவு?"

"மூண்டு பேருக்குக் காணக்கூடியதா எடு."

"தண்ணி எவ்வளவு?"

"மா கேக்குமட்டும் விடு."

"உப்பு?"

"அளவாப் போடு, தம்பி."

என் கொப்பியில் எழுதுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மா கேட்குமட்டும் என்றால், மா என்ன மொழியில் கேட்கும்? நான் கொதிநீரை ஒரேயடியாக ஊற்றினேன். வறுத்த அரிசிமா களியாகிவிட்டது. அம்மா ஏசவில்லை. "அதை ரொட்டியாத் தட்டு" என்றார். மறுநாள் பயந்து பயந்து விட்டேன். புட்டு மணல்போல் உதிர்ந்தது. "அதுக்குக் கொஞ்சம் சொதி கூட விடு" என்றார். மூன்றாம் நாள், அகப்பைக் காம்பால் மாவைக் கிளறிக்கொண்டிருந்தபோது, பிடித்தால் பிடிபட்டு விட்டால் உதிரும் ஒரு நிலை கையில் தட்டுப்பட்டது. சுண்டின் விளிம்பால் கொத்தினேன். சிறுசிறு மணிகளாக விழுந்தது. தேங்காய்ப்பூவைத் தூவி நீத்துப்பெட்டியில் இட்டு அவித்தேன். அம்மா ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுவிட்டு, "பதம் பிடிபட்டிட்டுது" என்றார்.

நேயர்களே, 'பதம்' என்ற சொல்லை நான் இருபது வருடங்களாகக் கற்பித்து வருகிறேன். பதம் என்றால் சொல். நன்னூலில் பதவியல் என்று ஒரு பகுதியே உண்டு. பகுபதம், பகாப்பதம் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன். பதம் என்றால் சோறு என்றும், பக்குவம் என்றும் பொருள் உண்டு என்பதை அகராதியிலும் கண்டிருக்கிறேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று மேடைகளில் பேசியும் இருக்கிறேன். அந்தச் சொல்லின் பொருள் என் விரலுக்குத் தெரிந்தது அன்று காலையில்தான்.

அதன்பின் கொப்பியை மூடிவைத்தேன். சொல்லைக் கேட்கத் தொடங்கினேன். அம்மாவின் வாயிலிருந்து வந்த வினைச்சொற்களை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருந்தது. சோறு காய்ச்சுவது, புட்டு அவிப்பது, அப்பம் சுடுவது, இடியப்பம் பிழிவது, மிளகாய் பொரிப்பது, மா வறுப்பது, வெங்காயம் வதக்குவது, களி கிண்டுவது, சம்பல் இடிப்பது, கீரை கடைவது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட முடியாது. சமைத்தல் என்ற ஒரே சொல்லில் நான் அடக்கி வைத்திருந்த வேலைக்குள் இத்தனை வேலைகள் இருந்தன. சொதி ஏன் திரைகிறது என்பதையும் கற்றேன். இரண்டாம் பாலில் காய்களை அவியவிட்டு, முதற்பாலைக் கடைசியில் விட வேண்டும். விட்ட பிறகு அகப்பையால் ஆற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பொங்கிக் கொதிக்க விடக் கூடாது. தேசிக்காய்ப் புளியை இறக்கிய பின்னர்தான் விட வேண்டும். இதில் ஒன்று பிழைத்தாலும் பால் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். சந்தி விதிகளைப் போல்தான். எங்கே எது சேரும், எது கெடும் என்ற ஒழுங்கு அதிலும் இருக்கிறது.

இப்படி மூன்று நான்கு கிழமைகள் சென்றன. கடைகள் எப்போதாவது திறந்தன. முருங்கையும் வாழையும் வீட்டிலேயே நின்றன. ஒரு சனிக்கிழமை காலை, மீன்காரர் சைக்கிளில் ஒழுங்கைக்குள் வந்தார். பெட்டியில் நண்டும் இறாலும் சின்ன மீனும் கிடந்தன. அம்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் போய்ச் சாமி அறைக்குப் பக்கத்தில் இருந்த தகரப் பேணியைத் திறந்து பார்த்தார். அதற்குள் ஒடியல் மா இருந்தது.

"தம்பி, கூழ் காய்ச்சுவமோ?" என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்தார்க்குக் கூழ் என்றால் இரண்டு. ஒன்று ஆடிப்பிறப்பன்று காய்ச்சும் இனிப்புக் கூழ். பச்சையரிசி மாவும், வறுத்த பயறும், தேங்காய்ப் பாலும், பனங்கட்டியும் சேர்ந்தது. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டினால் எங்கள் பாலர் வகுப்புப் பிள்ளைகளும் அதனை அறிவார்கள். மற்றையது ஒடியற் கூழ். பனங்கிழங்கை அவிக்காமல் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து அரித்த மாவில் ஒரு கயர்ப்பு உண்டு. ஆகவே மாவைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மா அடியில் படிந்ததும் மேல்நீரை வடித்து, மீண்டும் தண்ணீர் விட்டு, இப்படிப் பலமுறை செய்ய வேண்டும். பொறுமை இல்லாதவன் கூழ் காய்ச்ச முடியாது.

அன்று முழுக் காலையும் அதிலேயே போயிற்று. பெரிய பானையை அடுப்பில் ஏற்றி, ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயிற்றங்காய் என்று கடினமானவை முதலில் போயின. அவை அரைவாசி அவிந்ததும் நண்டு, மீன், இறால். பிறகு முருங்கையிலை. செத்தல் மிளகாயையும் மஞ்சளையும் அம்மியில் அரைத்தேன். கை எரிந்தது. கரைத்த ஒடியல் மாவையும், அரைத்த கூட்டையும், பழப்புளியையும் ஒன்றாக விட்டு, அகப்பையால் அடிப்பிடிக்காமல் துழாவினேன். அம்மா கதிரையில் இருந்தபடி மூக்கால் சமைத்தார். "பச்சை மணம் இன்னும் போகேல்லை." "இப்ப போட்டுது, நெருப்பைக் குறை." பார்க்காமலே சொன்னார்.

மகள் பக்கத்து வளவு வடலியில் ஓலை வெட்டுவித்து வந்தாள். அம்மா இடது கையாலும் பல்லாலும் பிடித்து, பிழா கோலும் விதத்தைப் பேத்திக்குக் காட்டிக் கொடுத்தார். கூழை மூன்று பேருக்கென்று காய்ச்ச முடியாது. அது எப்படிக் காய்ச்சினாலும் பத்துப் பேருக்குக் காணும். மதிலுக்கு மேலால் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் சட்டி போயிற்று. ஒரு வீட்டிலிருந்து மாங்காய் வந்தது. மற்ற வீட்டிலிருந்து தேங்காய்ச் சொட்டு வந்தது. ஊரடங்கில் மனிதர் நடமாடவில்லை. கூழ் நடமாடியது.

இனித்தான் நான் சொல்ல வந்த விடயம்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, எங்கள் வீட்டில் கூழைக் கடைசியாகக் குடிப்பவர் அம்மா. முற்றத்தில் பாயை விரித்து நாங்கள் வட்டமாக இருப்போம். அப்பா, அப்பாச்சி, அக்கா, தம்பி, நான், வந்த உறவினர். அம்மா நின்று வார்த்துக்கொண்டே இருப்பார். எல்லாரும் எழுந்த பின், பானையைச் சரித்து வைத்துக்கொண்டு குசினிக்குள் தனியே இருப்பார். தன் பிள்ளைகளின் சிறுகை அளாவிய கூழ் அமிழ்தத்திலும் இனியது என்று வள்ளுவர் சொன்னார் அல்லவா? நாங்கள் அளாவி விட்ட மிச்சத்தையே அம்மா உண்கிறார் என்று, வளர்ந்த பின் நான் எண்ணிக்கொண்டேன். அன்னையர் தின விழாக்களில் அதை உருக்கமாகப் பேசியும் இருக்கிறேன். கேட்டவர்கள் கண்களைத் துடைத்ததும் உண்டு.

ஆகவே அன்று, அந்தக் கடனைத் தீர்க்கும் நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன். முதல் அகப்பையை அம்மாவின் பிழாவில் வார்த்தேன். "அம்மா, இண்டைக்கு நீங்கள்தான் முதல்" என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு ஏன் உந்த மேல்தண்ணியை வாக்கிறாய்?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"கூழ் குடிக்கத் தெரியாத பிள்ளையள்" என்று சிரிக்கத் தொடங்கினார். "நண்டுக்கால், இறால், பலாக்கொட்டை எல்லாம் எங்கை கிடக்கும்? அடியிலை. சுடச்சுடக் குடிச்சா உறைப்பு மட்டும்தான் தெரியும். ஆறித் தடிச்சு வரேக்கைதான் புளியும் உறைப்பும் ஒண்டோடை ஒண்டு சேரும். நீங்கள் அவதிப்பட்டுக் குடிச்சிட்டு எழும்பிப் போவியள். நான் ஆறுதலா இருந்து அடிக்கூழைக் குடிப்பன். உங்கடை கொப்பருக்கும் இது தெரியாது."

நேயர்களே, முப்பது வருடங்களாக நான் தியாகம் என்று பேசிவந்தது அம்மாவின் தந்திரம்! அடிக்கூழ் அவருடைய சொத்து. சமைத்தவருக்கு மட்டும் தெரிந்த இரகசியம். குசினிக் கதவுக்குப் பின்னால், கேட்பாரும் பிடுங்குவாரும் இல்லாமல், பிழாவை நக்கிக் குடித்த அந்த அரைமணி நேரத்தை நான் ஏழ்மையாக எண்ணி இரங்கியிருக்கிறேன். உண்மையில் அது அவருடைய விருந்து. மகளும் நானும் வயிறு குலுங்கச் சிரித்தோம்.

சிரித்து ஓய்ந்தபோது எனக்கு வேறொரு நினைவு வந்தது. அதை அப்படியே கேட்டும்விட்டேன்.

"அப்ப மீசாலையிலையும் அப்பிடித்தானோ, அம்மா?"

அம்மாவின் சிரிப்பு நின்றது. "அது வேறை" என்றார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவை வலிகாமத்தார் எவரும் மறக்க மாட்டார்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது. இலட்சக்கணக்கான மக்களோடு மழையில் நனைந்து, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனோம். மீசாலையில் ஒரு வளவில், கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டிலில் இரண்டு குடும்பங்கள். 1990இலிருந்தே பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எண்ணி, ஜாம் போத்தல் விளக்கு எரித்த காலம். சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்த காலம். ஒரே பானையில் சோறு காய்ச்சி எல்லாருக்கும் பங்கிடுவார்கள். அங்கேயும் அம்மா கடைசிதான். "நீங்கள் சாப்பிட்டிட்டியளோ?" என்று நாங்கள் கேட்போம். "நான் அப்பவே சாப்பிட்டனான்" என்பார். நாங்கள் நம்பினோம். பசித்த பிள்ளைகளுக்கு நம்புவது எளிது.

"அங்கை அடியிலை ஒண்டும் இருக்கேல்லை, தம்பி" என்றார் அம்மா. "கன நாள் கஞ்சித் தண்ணிதான். அதுகும் சில நாள் இல்லை."

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அம்மாவே தொடர்ந்தார். "உங்கடை அப்பாச்சிக்கு மட்டும் தெரியும். அவ என்னைச் சாப்பிட்டியோ எண்டு கேக்கேல்லை. இருட்டுக்கை எழும்பி வந்து பானையைத் திறந்து பாத்தா. அதுக்குப் பிறகு தன்ரை கோப்பையிலை பாதியை மூடி வைச்சிடுவா. எனக்கும் அவவுக்கும் கலியாணம் முடிச்ச நாள் தொட்டுச் சரிவாறதில்லை. உனக்கும் தெரியும்தானே. ஆனா அந்த ஆறு மாசமும் நான் செத்துப் போகாமல் இருந்தது அவவாலை."

அந்த மாமியும் மருமகளும் வாழ்நாள் முழுவதும் உப்புக்கும் புளிக்கும் சண்டை பிடித்தவர்கள். 1996இல் நாங்கள் ஊர் திரும்பிய பிறகும் சண்டை நிற்கவில்லை. அந்தக் கோப்பையின் கதையை இருவரும் ஒருவரிடமும் சொல்லவில்லை. அப்பாச்சி அதைச் சொல்லாமலே காலமாகிவிட்டார்.

அன்று மாலை நான் மீண்டும் குறுந்தொகையை எடுத்துப் படித்தேன். நயம் சொல்லும் அவசரத்தில் நான் கவனியாது விட்ட ஒன்று அதில் இருந்தது. அந்தப் பாடலைச் சொல்பவர் யார்? கணவன் அல்லன். அந்தப் பெண்ணும் அல்லள். செவிலித்தாய். தான் வளர்த்த மகளின் புதுக்குடித்தனத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெற்ற தாயிடம் சொல்கிறாள். தயிர் பிசைந்த விரலையும், கழுவாத ஆடையையும், கண்ணில் பட்ட புகையையும், முகத்தில் தோன்றிய நுண்ணிய மலர்ச்சியையும் கண்டவள் அவள்தான். கணவனுக்குக் குழம்பின் சுவை தெரிந்தது. செவிலிக்குச் சமைத்தவளைத் தெரிந்தது. அவளும் எங்கள் அப்பாச்சியைப் போல, வாயைக் கேளாமல் பானையைப் பார்த்தவள்.

"அவ சாப்பிட்டவவோ?" என்று அந்த மாணவி கேட்டாளே, அதற்கு நான் கொடுத்த விடை தவறு. கணவனின் மகிழ்ச்சி ஒருவருக்கும் உணவாகாது. சோறுதான் உணவு. சமைப்பவர் கடைசியாக உண்பதில் இரண்டு வகை உண்டு என்பதை என் தாயார் எனக்குக் கற்பித்தார். ஒன்று அடிக்கூழுக்காகக் காத்திருப்பது. அது இன்பம். அதைப் பார்த்து நாம் இரங்க வேண்டியதில்லை. மற்றது அடியில் ஒன்றும் இல்லாத பானையோடு இருப்பது. அது பசி. அதைப் பார்த்து நாம் போற்றிப் பாட வேண்டியதும் இல்லை. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் ஒரு பெண், எல்லாரும் எழுந்த பின், குசினிக்குள் தனியே இருக்கிறாள். எது எதுவென்று அறிய ஒரு வழிதான் உண்டு. எழுந்து போய்ப் பானையைத் திறந்து பார்க்க வேண்டும். நான் முப்பது வருடங்கள் அதைச் செய்யவில்லை. தியாகம் என்று பெயர் சூட்டிவிட்டு இருந்த இடத்திலேயே இருந்துவிட்டேன். இன்பத்துக்கு இரங்கினேன். பசியை நம்பாமல் விட்டேன்.

அந்த மாணவி பாடசாலையை விட்டுப் போய்விட்டாள். அவளிடம் திருத்திச் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. அதனால் இப்போது ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடலைக் கற்பித்து முடித்ததும், அவளுடைய கேள்வியை நானே வகுப்பில் கேட்கிறேன். விடையை நான் சொல்வதில்லை. வீட்டுக்குப் போய் உங்கள் வீட்டில் சமைப்பவருக்கு என்ன உணவு பிடிக்கும் என்று அறிந்து வாருங்கள் என்று அனுப்புகிறேன். முதல்நாள் அநேகர் வெறுங்கையோடு வருவார்கள். "அம்மாவுக்கு எல்லாம் பிடிக்குமாம், சேர்" என்பார்கள். அது விடையல்ல, இன்னொரு முறை போய்க் கேளுங்கள் என்பேன். மூன்றாம் நாள்தான் விடைகள் வரும். ஒருத்தியின் தாயாருக்குப் பழஞ்சோறும் மோர்மிளகாயும். ஒருவனின் தாயாருக்கு, தான் சமைக்காத எதுவும்! அந்த விடைக்கு நான் முழுப் புள்ளிகளும் கொடுத்தேன்.

என் தாயாருக்கு இப்போது எழுபது தாண்டிச் சில ஆண்டுகள். மணிக்கட்டு பொருந்திவிட்டது. ஆனால் பழைய பலம் இல்லை. துணைவியார் வீட்டில் நிற்கும் நாட்களில் அவரும் நானும் சமையலைப் பங்கிட்டுக்கொள்கிறோம். சனிக்கிழமைக் கூழ் என் பொறுப்பு. மேற்கூழை நாங்கள் குடித்துவிட்டு, அடிக்கூழ் பானையை அம்மாவின் முன்னால் கொண்டுபோய் வைப்போம். அவர் அவசரப்படாமல் ஆறவிட்டுக் குடிப்பார். சென்ற மாதம் என் மகள் மெல்லப் பக்கத்தில் போய் அமர்ந்து, "அப்பாச்சி, எனக்கும் கொஞ்சம்" என்று பிழாவை நீட்டினாள். இரகசியம் வெளியாகிவிட்டதே என்று அம்மா என்னை முறைத்தார். பிறகு, ஒரு நண்டுக்காலை எடுத்துப் பேத்தியின் பிழாவில் போட்டார்.

நேயர்களே, இன்றிரவு உங்கள் வீட்டில் எல்லாரும் உண்டு எழுந்த பின், ஒருமுறை குசினிக்குள் போய்ப் பாருங்கள். அங்கே இருப்பவரைப் புகழ வேண்டாம். பானையைத் திறந்து பாருங்கள்.